ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை

வெண்மேட்டுக்குப்பத்தில் ஆதியம்மாள் வீட்டுக்கு அரசாங்கம் கொடுத்திருந்தது ஒரே ஒரு விளக்கு. குடிசைக்கு ஒரு குண்டு பல்பு. பில் கிடையாது, அதனால் மீட்டரும் கிடையாது. அந்த வீடு எவ்வளவு கரண்டு தின்கிறது என்று அரசாங்கத்துக்குத் தெரியாது. ஆதியம்மாளுக்கும் தெரியாது. லைன்மேனுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒயர்கூடையோடு வந்து சங்கரா மீன் வாங்கிப்போகிற மனிதருக்குத் தெரிந்ததையெல்லாம் தெரிந்த கணக்கில் சேர்க்க முடியாது. பதினோரு வருஷமாக மூன்று தரப்பும் இந்த நிலைமையில் நிம்மதியாக இருந்து வந்தன.

கொக்கி போட்டது அவள் புருஷன் மாரி. மூங்கில் கழி நுனியில் சைக்கிள் கம்பியை வளைத்துக் கட்டி, தெருக்கம்பத்தின் ஒயரில் மாட்டி, அங்கிருந்து கருப்பு ஒயர் ஒன்றைக் கூரை வழியாக உள்ளே இறக்கியிருந்தான். கடலில் இத்தனை வருஷம் பாடுபட்டதைப் பற்றி அவன் வாய் திறந்ததில்லை. கொக்கியைப் பற்றி மட்டும் யார் கேட்டாலும் சொல்வான். "எத்தினி புயல் அட்ச்சிகீது? ஆடிச்சா அது? ஆடல."

கொக்கி முதலில் ஒரு ஃபேனுக்காகத்தான் வந்தது. பிறகு பெட்டி வந்தது. கடற்கரைச் சாலையில் ஓர் ஐஸ்கிரீம் கடை படுத்துப்போனபோது ஆதியம்மாள் பேரம் பேசி வாங்கிய ஃபிரீசர். மேலே மூடி, ஓர் ஆள் தாராளமாகப் படுக்கலாம். வெளிப்பக்கம் ஸ்டிராபெரிப் பழமும், நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரக் குழந்தையும். உள்ளே வஞ்சிரம், கொடுவா, இறால். சுனாமியில் அந்தப் பெட்டி வீட்டைவிட்டு மிதந்து போய் சவுக்குத் தோப்பில் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. நான்கு பேர் தூக்கிவந்து, கழுவி, வெயிலில் வைத்து, ஒயரைச் செருகியபோது ஒருமுறை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

பெட்டி வருவதற்கு முன்னால் ஆதியம்மாள் மற்ற பெண்களைப் போல ஏலத்தில் எடுத்துக் கூடையில் சுமந்து விற்றவள். எட்டு மணிக்கு மேல் மீன் கண் வெளுக்கும். மீன் கண் வெளுக்க வெளுக்க வாங்க வருகிறவனுடைய நாக்கு நீளும். பெட்டி வந்த பிறகு அவள் யாரிடமும் நின்று பேரம் பேசுவதில்லை. மாமல்லபுரத்து ஹோட்டல் சமையல்காரர்கள் அவளுக்கு போன் செய்தார்கள். அதிலும் சித்திரையில் விசைப்படகெல்லாம் நாற்பத்தைந்து நாள் கடலுக்குப் போகக்கூடாது என்று கட்டிப்போட்டிருக்கும் காலத்தில், ஃபைபர் படகில் வருகிற கொஞ்சம் மீனைச் சேர்த்து வைத்திருப்பவள் அந்தக் கரையில் அவள் ஒருத்திதான். வருஷத்து வரும்படியில் பாதி அந்த நாற்பத்தைந்து நாளில் வந்துவிடும். அவள் மகன் லோகு இன்ஜினியரிங் படித்ததும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான்.

அந்தக் கல்லூரி திருப்போரூர்ப் பக்கம். பின்னால் நெல் வயல், முன்னால் மனை விற்பனைக் கொடிகள். கடைசி வருஷத்தில் ஆளுக்கொரு புராஜெக்ட் செய்யவேண்டும். செய்வது என்றால் சென்னைக்குப் போய் வாங்கி வருவது. கருவி, புத்தகம், கேட்கப்படும் கேள்விகள், அதற்கான பதில்கள் எல்லாம் ஒரே பையில் போட்டுத் தருவார்கள். லோகுவின் கூட்டாளி பிரவின்குமார் ஒரு ரோபோ வாங்கியிருந்தான். அதற்குத் திரும்பத் தெரியாது. நீளமான மேஜையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டான்.

லோகுவிடம் வாங்க வசதியில்லை. அதனால் அவன் மட்டும் நிஜமாகவே செய்யவேண்டியதாகிவிட்டது.

மாசிமாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகை.

"இன்னாடா அது?" என்றாள் ஆதியம்மாள்.

"கம்ப்யூட்டரும்மா."

"டீவி எங்க?"

"இதுக்கு டீவி வாணாம். மொத்த கம்ப்யூட்டரும் இந்த ஒரே போர்டுல கீது. தோ, இந்த வளையத்த ஒயர்ல மாட்டிட்டா எவ்ளோ கரண்டு போவுதுன்னு பாக்கும். இந்த குச்சிய பெட்டி உள்ள வுட்டா எவ்ளோ சில்லுன்னு கீதுன்னு பாக்கும். அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தபா பாத்து எழுதி வச்சிக்கும்."

"எதுக்கு?"

இந்தக் கேள்வியைக் கல்லூரியில் யாரும் அவனைக் கேட்டிருக்கவில்லை. "புராஜெக்ட்டுக்கும்மா" என்றான்.

"கரண்டு நின்னுட்டா?"

"தோ பேட்டரி கீதே. கரண்டு இருக்கசொல்ல சார்ஜ் ஏத்திக்கும். நின்னாலும் இது பாட்டுக்கு எழுதினே இருக்கும்."

பலகையை வைக்க அவனுக்கு ஒரு பெட்டி தேவைப்பட்டது. ஆதியம்மாள் திரும்பிப் பார்ப்பதற்குள் பிளாஸ்டிக் டிபன் டப்பா ஒன்றின் மூடியில் சூட்டுக்கம்பியால் சதுரமாக ஓட்டை போட்டு, எண் தெரிகிற கண்ணாடித்துண்டை அதில் பொருத்திவிட்டான்.

"டேய் கய்தே, அது என் டப்பாடா! நான் சோறு கட்டிகினு போற டப்பா!"

"மார்க்கு வந்ததும் குட்த்துடறேம்மா."

"ஓட்டயோடவா?"

கருவி சுவரில் ஏறியது. மேல்வரியில் கரண்டு, கீழ்வரியில் சூடு. ஆதியம்மாளுக்கு எழுத்து வராது, எண் வரும். பெட்டி ஓடும்போது மேலே நூற்று எழுபது. நின்றால் பூஜ்யம். கீழே மைனஸ் பதினாலு, பதினைந்து. நாலைந்து நாளில் அவள் அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டாள். ஒரு வேலையும் செய்யாமல், வீட்டுக் கரண்டையே தின்றுகொண்டு, நடு வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பதால் 'மாப்ள'.

மாப்பிள்ளை முதலில் பிடித்துக்கொடுத்தது மாரியை. லோகு ஒருநாள் கல்லூரியிலிருந்து கோடு கோடாகப் படம் போட்ட தாள் கொண்டுவந்தான். பெட்டிக்குள் சூடு தினமும் ஒரே நேரத்தில் ஒரு குதி குதித்திருந்தது.

"மூணு பத்துக்கு எவன் மூடிய தொறந்தது?" என்றாள் ஆதியம்மாள். அந்த நேரத்தில் அவள் மாமல்லபுரத்தில் இருப்பாள்.

மாரி வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். "காத்துல தொறந்திருக்கும்."

"மூடி முப்பது கிலோ கீது. காத்துல தொறக்குமா? தெனமுமா? மூணு பத்துக்கா?"

"மிஷினு பொய் சொல்லுது."

"நைனா," என்றான் லோகு, "மிஷின் பொய் சொல்லாது."

தினம் ஒரு கை இறால் டாஸ்மாக் வாசலில் சுண்டல் விற்கிறவனிடம் போய்க்கொண்டிருந்தது அன்று வெளிவந்தது. ஆதியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவைக் கூப்பிட்டு, தாளைக் காட்டிச் சிரித்தாள். "இனிமே நான் எங்க போனாலும் பயமில்லடி. வூட்ல மாப்ள கீறாரு."

"மாப்ளயா இவன்? காட்டிக்குடுக்கற பய" என்று மாரி சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கரைக்குப் போனான்.

அவன் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சித்திரைக் கடைசியில் லோகுவுக்கு வைவா நடந்தது. சாயங்காலம் ஐந்து மணிபோல் அரைக்கிலோ மைசூர்பாகோடு வீட்டுக்கு வந்தான். ஆதியம்மாள் கொல்லைப்புறத்தில் அரிவாள்மனையில் உட்கார்ந்து காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அடுப்பில் புளி கொதித்துக்கொண்டிருந்தது.

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டும்மா! காலேஜிலயே நாந்தான் ஃபர்ஸ்ட்டு."

"அந்த ரெண்டு எங்க பூட்ச்சி?"

"ரெண்டு எவனுக்கும் குடுக்க மாட்டாங்கம்மா. வாயத் தொற." ஒரு துண்டை அவள் வாயில் போட்டான். "வெளியிலேந்து ஒருத்தரு வந்தாரு கேள்வி கேக்க. பன்னீர்செல்வம்னு பேரு. மத்தவன் புக்கெல்லாம் தொறந்துகூட பாக்கல. பிரவின்குமாரு ரோபோ மேஜயிலேந்து கீழ வுயிந்துச்சி, அதுக்கே தொண்ணூறு குட்த்தாரு. என் புக்க மட்டும் ஒரு மணி நேரம் படிச்சாரும்மா. பக்கம் பக்கமா."

"பாவம், வூட்ல வேல இல்ல போல."

"ரிடையர் ஆயிட்டாரு. முப்பது வருசம் சர்வீசு."

"எங்க சர்வீசு?"

லோகு இன்னொரு துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டான். அதை மென்று முடிக்கும்வரை பதில் சொல்லவேண்டியதில்லை.

"எங்கடா சர்வீசு?"

"கரண்டு ஆபீஸ்ல."

ஆதியம்மாள் பாதி ஆய்ந்த மீனைச் சட்டியில் போட்டாள். "அவரு இன்னா கேட்டாரு, நீ இன்னா சொன்ன. ஒண்ணு வுடாம சொல்லு."

"'தம்பி, குடிசை சர்வீஸ்னு போட்டிருக்கீங்க. ஒரே விளக்கு, நாப்பது வாட். ஆனா உங்க படத்துல நூத்தி எழுபது ஏறி ஏறி எறங்குது. ஒண்ணு உங்க கருவி தப்பா இருக்கணும், இல்லன்னா உங்க வீட்ல தப்பு இருக்கணும். ரெண்டுல எது, நீங்களே சொல்லுங்க'ன்னாரு."

"நீ?"

"மிஷினு கரெக்ட்டு சார்னேன்."

உள்ளே பெட்டி ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து ஓட ஆரம்பித்தது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மிஷினு தப்புன்னு சொல்லியிருந்தா?"

"ஃபெயிலும்மா. மூணு மாசம் ராப்பகலா செஞ்சிகீறேன். ஒரு வாட் கூட மாறாது. அத்தப் போயி தப்புன்னு எப்டிம்மா சொல்றது?"

"ஃபெயிலானா இன்னா பண்ணுவாங்க? தூக்குல போடுவாங்களா?"

"ஆறு மாசம் கயிச்சி மறுபடியும் செய்யணும். கம்பெனி ஆர்டர் கேன்சல் ஆய்டும்."

சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஆடியில் வந்து சேரச்சொல்லி அவனுக்குக் கடிதம் கொடுத்திருந்தது. அது சாமிபடத்துக்குப் பின்னால் இருந்தது.

"ஆறு மாசம்" என்றாள் ஆதியம்மாள். சட்டியைத் தள்ளிவைத்தாள். "அது எந்த வூடுன்னு அவருக்கு எப்டித் தெரியும்? நம்ம பேரு போட்டுகீதா?"

"காலேஜ்ல பிரபாவதி மேடம் சைட் டீடெய்ல்ஸ் எழுதணும்னாங்க. வாசல்ல தகரத்துல நம்பரு கீதே, அத்த எழுதினேன். ஊரு பேரு. அப்பறம் முதல் பேஜ்ல எல்லாருக்கும் நன்றி சொல்லணும். சேர்மன், பிரின்சிபாலு... கடசீல ஒன் பேரும் போட்டுகீறேன். 'ஃபிரீசரைச் சோதனைக்குக் கொடுத்து உதவிய தாயார் திருமதி ஆதியம்மாள் அவர்களுக்கு.'"

அவள் வாழ்க்கையில் அவள் பெயர் அச்சில் வந்தது ரேஷன் கார்டுக்கு அப்புறம் இதுதான்.

"வேற இன்னா எழுதிகீற?"

லோகு கொஞ்சம் தயங்கினான். புராஜெக்ட் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், இந்தக் கருவி எதிர்காலத்தில் எதற்கெல்லாம் உதவும் என்று ஒரு பக்கம் எழுதவேண்டும். அந்தப் பக்கத்தை யாரும் எழுதுவதில்லை. சீனியர் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்துப் போடுவார்கள். அதைச் சீனியர் அவனுடைய சீனியரிடமிருந்து எடுத்திருப்பான். யாரும் படிப்பதில்லை என்பதுதான் அந்தப் பக்கத்தின் சிறப்பு.

"மின் திருட்டைக் கண்டுபிடிக்கவும் இதைப் பயன்படுத்தலாம்னு கடசீல ஒரு லைன் கீதும்மா. அது நான் எழுதல. எல்லார் புக்லயும் கீது."

"அவரு அத்தப் படிச்சாரா?"

"சத்தமா படிச்சாரு. கை குட்த்தாரு. குடிசையில நெசமா எவ்ளோ கரண்டு போவுதுன்னு இதுவரைக்கும் யாருமே அளந்ததில்லியாம். மீட்டிங்ல காட்றேன்னு ஒரு காப்பி வாங்கினு போனாரு. நல்ல மனுசம்மா அவரு."

"நல்லவருதான்" என்றாள் ஆதியம்மாள். மீதி மீனையும் ஆய்ந்து, கழுவி, குழம்பில் போட்டாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. மாரி கேட்கவில்லை. மகன் சொன்ன செய்தியைக் கேட்ட பிறகு அவன் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்.

"என்னப் புட்ச்சிக் குட்த்தப்பவே சொன்னேன்."

மறுநாளிலிருந்து கொக்கி ஆபீஸ் நேரம் பார்த்து இறங்கி ஏறியது. அதிகாரிகள் பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை வேலை செய்கிறவர்கள். ஆகவே பத்துமணிக்கு மாரி கழியால் கொக்கியை எடுத்துவிடுவான், ஐந்து மணிக்கு மாட்டிவிடுவான். நடுவில் ஏழு மணி நேரம் பெட்டி தாங்குமா என்று பார்க்க ஆதியம்மாளுக்கு மாப்பிள்ளையைவிட்டால் ஆள் இல்லை. மதியம் மைனஸ் பத்து. மூன்று மணிக்கு மைனஸ் ஏழு. மைனஸ் மூன்று வந்தால் ஐஸ் உடைத்துப் போடுவாள். மூடியின் மேல் பழைய வலை, கோணி, மாரியின் கம்பளி எல்லாம் ஏறின. வெள்ளைக்காரக் குழந்தையின் நாக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"பெட்டிய கொஞ்ச நாளிக்கி வேற எங்கனா வச்சிடலாம்மா" என்றான் லோகு.

"எங்க வெப்ப? எந்த வூட்ல கொக்கி இல்ல? கொக்கி இல்லாத வூட்ல பிளக்கு இல்ல."

"மீன வித்துடு. இருக்கற வெலைக்கி."

"நாப்பது கிலோ வஞ்சிரம் சொல்லிகீறாங்க ஓட்டல்ல. சனிக்கெயம விருந்து. ரெண்டு வாரமா ஒண்ணொண்ணா சேத்து வச்சிகீறேன். இன்னும் நாலு நாளு. நாலே நாளு ஓட்டிட்டா, அப்பறம் கொக்கியும் வாணாம், ஒண்ணும் வாணாம், மீட்டரே போட்டுக்கலாம்." கொஞ்சம் நிறுத்தி, "நீ சம்பளம் வாங்கி போட்டுக்குடு" என்றாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜீப் வந்தது. அரசாங்கம் ஏழு மணிக்கு வேலைக்கு வரும் என்று அந்தக் கரையில் யாரும் எதிர்பார்த்ததில்லை. ஃபைபர்கள் கரையேறிக்கொண்டிருந்தன. ஏலக்காரன் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. ஆதியம்மாள் அங்கேயிருந்து ஜீப்பைப் பார்த்துவிட்டுக் கூடையைப் போட்டுவிட்டு மணலில் ஓடிவந்தாள். மணலில் எவ்வளவு ஓடினாலும் நடந்த மாதிரிதான் இருக்கும்.

மூன்று அதிகாரிகள். கூட ஏணியோடு லைன்மேன். ஆதியம்மாளைப் பார்த்ததும் லைன்மேன் கம்பத்தைப் பார்த்தார்.

பெரிய அதிகாரி கையில் லோகுவின் புத்தகத்தின் ஜெராக்ஸ். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "லோகநாதன் யாருங்க?" என்று கேட்டார். லோகு பல்துலக்கிக்கொண்டே வந்து நின்றான்.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க தம்பி. எங்க பசங்களுக்கே இப்படி வராது. அந்தக் கருவி இன்னும் ஓடுதா?"

"ஓடுது சார்."

உள்ளே வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மேலே நூற்று எழுபது. கீழே மைனஸ் பதினாலு. தன் ஆட்களையும் கூப்பிட்டுக் காட்டினார். தேர்வில் முதலாக வந்த பிள்ளையைச் சொந்தக்காரர்கள் வந்து பார்ப்பதுபோல் எல்லோரும் பார்த்தார்கள்.

"சார்," என்றாள் ஆதியம்மாள், "சனிக்கெயம வரிக்கும் வுட்டுடுங்க சார். மீனு கீது உள்ள. நாப்பது கிலோ. ஞாயித்துக்கெயம நானே கயட்டி உங்க ஆபீஸ்ல கொண்டாந்து குடுக்கறேன்."

"எனக்குப் புரியுதும்மா. ஆனா எழுத்துமூலமா வந்திருக்கே. வாய்வார்த்தையா யாராவது சொல்லியிருந்தா பரவால்ல. இது புத்தகமா வந்திருக்கு."

அபராதத்துக்கு எத்தனை யூனிட் என்று அவர்கள் உட்கார்ந்து கணக்குப் போடவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. பக்கம் நாற்பத்தொன்றில் லோகு மாதவாரியாகக் கூட்டியே வைத்திருந்தான்.

"ஏறுய்யா" என்றார் அதிகாரி.

லைன்மேன் ஏறினார். பதினோரு வருஷம் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த கொக்கியை முதல்முறையாகப் பக்கத்தில் பார்த்தார். "இன்னா அக்கிரமம் சார் இது" என்று மேலேயிருந்து சொன்னார். மாரி கீழே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். வெட்டிய கருப்பு ஒயர் அவன் தோளில் விழுந்தது. அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டான்.

ஏணியோடு வந்தவர்கள் ஒரு வீட்டோடு போகமாட்டார்கள். தெருக்கோடிவரை போனார்கள். பத்தொன்பது கொக்கி. அக்கினி வெயில் காலத்தில் பத்தொன்பது வீட்டு ஃபேனும் ஒவ்வொன்றாக நின்றன. ஜீப் போனபிறகு சந்திரம்மா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆதியம்மாள் வாசலுக்கு வந்தாள். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு.

"ஏன் யக்கா, உம் புள்ள படிக்கறதுக்கு நாங்க இன்னா கொற வச்சோம்? ஃபீஸ் கட்டறப்ப ஊரே சீட்டு போட்டு குட்த்துச்சே. நல்லா படிக்க வச்ச. நல்லா படிச்சான். எங்க வூட்ல காத்து நின்னு பூட்ச்சி."

"அவன் வோணும்னு செய்யலடி."

"வோணும்னு செஞ்சிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். இவன் மார்க்குக்கு செஞ்சிகீறான். டேய் லோகு, எத்தினிடா மார்க்கு? தொண்ணூத்தெட்டா? வூட்டுக்கு ஆறு மார்க்குகூட தேறல பாத்துக்க." குழந்தையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றினாள். "அன்னிக்கி கூப்ட்டுக் காட்டி சிரிச்சியேக்கா, மாப்ள கீறாருன்னு. நானும் கூட சேந்து சிரிச்சேன் பாரு, என்னச் சொல்லணும்."

ஆதியம்மாள் ஹோட்டலுக்குப் போன் செய்தாள். சமையல்காரர் சனிக்கிழமைக்கு வியாழக்கிழமையே எடுத்துக்கொள்ள முடியாது, எங்கள் பெட்டியில் கோழி இருக்கிறது என்றார். ஐஸ் கம்பெனிக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கத்தில் அன்று பகலெல்லாம் கரண்டு கிடையாது, ஐஸ் நாளை மறுநாள் என்றார்கள். தெருவில் யாராவது கிலோ இரண்டு கிலோ வாங்குவார்களா என்று வாசலில் நின்று பார்த்தாள். பத்தொன்பது வீடும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காற்றுக்காகத்தான், வாசலில் உட்கார்ந்திருந்தன. ஒருவரும் எழுந்து வரவில்லை.

மாப்பிள்ளை சுவரில் இருந்தார். பேட்டரி இருந்ததே. மேலே பூஜ்யம். கீழே மைனஸ் பதினொன்று. மைனஸ் எட்டு. லோகு அதன் எதிரில் உட்கார்ந்திருந்தான். மைனஸ் நான்கில் ஒருமுறை எழுந்து மூடியின் மேல் கோணியைச் சரிசெய்தான்.

"அத்த இன்னாத்துக்குப் பாத்துகினு கீற?" என்றாள் ஆதியம்மாள்.

"இன்னும் எவ்ளோ நேரம் தாங்கும்னு..."

"தாங்காதுடா. எனக்கு மூக்கு கீது. ஏந்துரு. உப்பு வாங்கியா. ரெண்டு மூட்ட."

மறுநாள் மதியம் மூன்றுபேரும் உப்புத் தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்தார்கள். உறைந்து கல்லாக இருந்த வஞ்சிரம் வளைய ஆரம்பித்திருந்தது. ஆதியம்மாள் முதுகோடு கீறிப் பிளந்தாள். மாரி குடலெடுத்தான். லோகு உப்பைத் திணித்தான். வஞ்சிரத்தைக் கருவாடு போடுகிறவர்கள் உண்டு, ஆனால் தட்டுக்கு இன்ன விலை என்று ஹோட்டலில் எழுதிப்போடுகிற மீனைத் தெரிந்தே உப்பில் தள்ளுவதற்கு ஒரு மனசு வேண்டும். அவள் ஒவ்வொரு மீனையும் கையில் எடுத்து ஒருதடவை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கீறினாள். உப்பு லோகுவின் கையில் இருந்த சின்னச் சின்னச் சூட்டுக்காயங்களில் ஏறியது. போர்டு பற்றவைத்தபோது பட்ட காயங்கள். அவன் முகத்தைச் சுளித்ததை மாரி பார்த்தான்.

"எரியுதா?"

"இல்ல நைனா."

"அதெப்டி எரியாம இருக்கும்? ஆபீசருக்கு மட்டும் உண்மையச் சொல்லு. எங்க கிட்ட பொய் சொல்லு."

ஆதியம்மாள் சட்டென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு முடிந்து அது வேறொன்றாக மாறுவதற்குள் அடுத்த மீனை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் எண்கள் மங்கிக்கொண்டே போய் மாலைக்குள் அழிந்தன. கடைசியாக அது எழுதி வைத்தது பூஜ்யம், முப்பத்தைந்து. ஆதியம்மாள் அதை ஆணியிலிருந்து எடுத்து, உள்ளேயிருந்த பச்சைப் பலகையைப் பிய்த்து மகன் கையில் கொடுத்தாள். டப்பாவைக் கடல்மணல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாள்.

"குட்த்துடறேன்னு சொன்னியே, நானே எட்த்துக்கினேன்" என்றாள்.

அடுத்த வாரம் லோகு மாமல்லபுரத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டு வந்தான். வெளியே சிற்பிகள் கல்லைத் தட்டிக்கொண்டிருக்கும் சத்தத்துக்கு நடுவே அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்திருந்தான். சிறுசேரிக் கம்பெனி மிகவும் வருந்தியிருந்தது. அமெரிக்காவில் ஏதோ பேங்க் முழுகிவிட்ட காரணத்தால் ஆடியில் யாரையும் சேர்த்துக்கொள்வதற்கில்லை.

"எப்ப சேத்துப்பாங்களாம்?" என்றாள் ஆதியம்மாள்.

லோகு செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தான்.

"ஆறு மாசம் கயிச்சி."

அவள் காய்கிற கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டாளா இல்லையா என்று தெரியவில்லை. வரிசை முடியும்வரை திருப்பிப் போட்டுவிட்டுக் காக்கையை ஒரு கல்லால் அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லைன்மேன் வந்தார். ஒயர்கூடையும் வந்திருந்தது. வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"இன்னா ஆதி, எதுனா கீதா?"

"கருவாடு கீது."

"கருவாடா? வஞ்சிரத்துலயா?" கொஞ்சம் யோசித்தார். "சரி, கருவாடே குடு."

ஆதியம்மாள் நான்கு துண்டை ஓட்டை டப்பாவில் போட்டு, அதிலிருந்து அவர் கூடையில் கொட்டினாள். மாரி திரும்பி உட்கார்ந்துகொண்டான். லோகு சுவரோரம் பலகையில் எதையோ பற்றவைக்க முயன்றுகொண்டிருந்தான். பற்றவைக்கிற கம்பி சூடேறப் பிளக்கில் கரண்டு இல்லை என்பது ஞாபகம் வந்து வெறுமனே வைத்துக்கொண்டிருந்தான்.

லைன்மேன் குரலைத் தாழ்த்தினார். "எம்மேல கோவம் வாணாம் தாயி. நான் இன்னா பண்ணட்டும்? புக்குல வந்துட்ச்சி. இப்ப கொஞ்சம் ஆறிட்ச்சி. எதிர் வரிசையில நாலு வூட்ல நேத்தே நான் பாக்காத மாறி கொக்கி போட்டுக்கினாங்க. நீயும் போட்டுக்கோ. அந்த மிஷின மட்டும் கயட்டிடு."

"மிஷினு அன்னிக்கே செத்துட்ச்சி."

"நல்லதா பூட்ச்சி. அப்ப மாரிய வுட்டு..." என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் எட்டிப்பார்த்தவர், லோகுவையும் அவன் கையிலிருந்த பச்சைப் பலகையையும் பார்த்துவிட்டு நிறுத்தினார். கூடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"பையன் வேலைக்குப் போவலியா?"

"ஆறு மாசம் ஆவுமாம்."

"அது வரிக்கும் இங்கதான் கீறானா?"

"வேற எங்க போவான்?"

லைன்மேன் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். லோகுவைப் பார்த்தார். பிறகு ஆதியம்மாளிடம், அவள் கஷ்டம் தெரிந்த மனிதராக, மிகவும் தன்மையாகச் சொன்னார்.

"அப்ப ஆறு மாசம் போவட்டும் ஆதி. அப்பறம் பாத்துக்கலாம்."